ஜன்னல் கம்பியில் கட்டிய போன்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, பன்னிரண்டு வருடமாகப் பழகிய மெயில் மென்பொருள் திருப்பதியைப் பார்த்து நீ யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லையாம். அவர் மறுபடி அடித்தார். மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதுகை நிமிர்த்தி, டைப்ரைட்டிங் பரீட்சைக்கு உட்கார்ந்தது போல உட்கார்ந்து அடித்தார். வயதுக்காவது மரியாதை கொடுக்கத் தோன்றவில்லை அதற்கு.

போடிநாயக்கனூர் ஜெயபாக்கியம் ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்கப் பதினொரு பெண்கள் உண்டு. மூட்டை சுமக்க நாலு பேர், மலைக்கு ஏற ஒரு ஜீப்பு, அதை ஓட்ட ஒரு மலைச்சாமி. மெயில் திறக்க மட்டும் ஒரே ஆள், திருப்பதி. அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் பகுதியில் ஒரு மதிப்பெண்கூட விடாதவர். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற நான்கும் இல்லாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை. மண்டியில் மற்றவர்கள் சாமியை நம்பினார்கள், சிலர் கர்த்தரை நம்பினார்கள். திருப்பதி பாஸ்வேர்டை நம்பினார். அது தெரிந்த ஒரே ஆள் அவர் என்பதால், அவரை நாற்காலியிலிருந்து கிளப்ப யாராலும் முடியாது என்று நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதிக்கு ஆறு மாதமாக ஆபத்து. முதலாளியம்மா ஜெயபாக்கியத்தின் மகள் பியூலா, கோயமுத்தூரில் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தொழிலைப் பார்க்க வந்துவிட்டாள். முப்பத்து நாலு வயது. திருப்பதிக்கு அவள் இன்னமும் பாப்பாதான். போன சனிக்கிழமை பாப்பா சொன்னது இது.

"எல்லாத்தையும் என் லேப்டாப்புக்கு மாத்திக்கிறேன்மா. திருப்பதியண்ணன் சல்லடைப் பக்கம் நின்னு பொம்பளைகளைப் பாத்துக்கிரட்டும்."

பதினொரு பெண்களை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. அவர்கள்தான் அடுத்தவரைப் பார்த்துக்கொள்வார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போன லோடுமேனின் நடையைப் பற்றி அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையில் அவன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அங்கே போவதைக் காட்டிலும் தேவாரத்துப் பக்கம் யானை இறங்கும் தோட்டத்துக்குக் காவல் போகலாம் என்பது திருப்பதியின் எண்ணம்.

முதலாளியம்மா அன்றைக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார். "மெயிலு ஒழுங்கா நடக்குற வரைக்கும் அவன் இருந்துட்டுப் போகட்டும். என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு மாத்திக்க."

மூன்றாம் நாளே நின்றுவிட்டது.

அதிலும் அன்றைக்குப் பார்த்து, குஜராத் வியாபாரி ஒருவர் சரக்குப் பட்டியலை நாலு மணிக்குள் கேட்டிருந்தார். வராவிட்டால் குமுளிப் பக்கம் வாங்கிக்கொள்வாராம். அவரை முன்பு யாரோ போலி முகவரியிலிருந்து மெயில் போட்டு ஏமாற்றியிருந்ததால், மண்டியின் பழைய முகவரியிலிருந்து வந்தால்தான் பிரித்தே பார்ப்பார். ஆகவே பியூலா தன் முகவரியிலிருந்து அனுப்பி வேலையை முடிக்கவும் வழியில்லை.

"என்னண்ணே ஆச்சு?" என்று பியூலா பின்னால் வந்து நின்றாள்.

"சர்வரு கொஞ்சம் மக்கர் பண்ணுது பாப்பா. சரி பண்ணீருவேன்."

சர்வர் மக்கர் பண்ணவில்லை. மெயில் கம்பெனி ஐந்து மாதத்தில் நான்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. வெறும் பாஸ்வேர்டோடு வருகிறவர்களை இன்ன தேதிக்கு மேல் உள்ளே விடமாட்டோம் என்று அதில் தெளிவாக இருந்தது. நான்கையும் திருப்பதி படித்து, தேதி போட்டு, 'பொது' என்ற உறைக்குள் சேர்த்து வைத்திருந்தார். கடிதம் வந்தால் பத்திரப்படுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதில் சொன்னதைச் செய்யவும் வேண்டும் என்பது பாடத்தில் இல்லை.

மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். நீ யாரென்று எப்படி நிரூபிக்கப் போகிறாய் என்று கேட்டு, கீழே ஆறு வழி போட்டிருந்தது. திருப்பதி நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், வழி, விளைவு என்று மூன்று பத்தி பிரித்தார். அதற்கே கால் மணி நேரம் ஆனது.

ஒன்று, நார்மல் பாஸ்வேர்டு. இதுவரை ஓடியது அதில்தான். விளைவு என்ற பத்தியில் 'இல்லை' என்று எழுதினார்.

இரண்டு, என்கிரிப்டட் பாஸ்வேர்டு. அதே பாஸ்வேர்டு முக்காடு போட்டுக்கொண்டு போகும். முக்காட்டை விலக்கிப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பியது. இல்லை.

மூன்று, கெர்பரோஸ். பெயரே ஒரு மாதிரியாக இருந்ததால் இணையத்தில் தேடினார். கிரேக்க நாட்டு நரகத்து வாசலில் காவலிருக்கும் மூன்று தலை நாயாம். பெரிய ஆபீசுகளில் இதற்கென்று தனி மெஷின் ஒன்று இருந்து, காலையில் வருகிற ஆளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும். அந்த டிக்கெட்டைக் காட்டி நாள் முழுக்க எந்த அறைக்கும் போகலாம். மண்டியில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஒரு கண்டக்டரை வைப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, நாய்ப் படத்தை எட்டிப் பார்த்த முதலாளியம்மா சொன்னார்.

"ஒத்தத் தலை நாய்க்கே இங்க சோறு வைக்க ஆளில்ல. இது எதுக்குடா திருப்பதி?"

இல்லை.

நான்கு, என்.டி.எல்.எம். ஒரே வளாகத்தில் இருக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கானது. தயவுசெய்து இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று உதவிப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். பிறகு எதற்குப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்றால், உறவு விட்டுப்போன பெரியப்பா பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரிதான். இல்லை.

ஐந்து, டி.எல்.எஸ். சர்டிபிகேட். சர்டிபிகேட் என்றதும் திருப்பதிக்கு உள்ளூரத் தெம்பு வந்தது. அவரிடம் இல்லாத சர்டிபிகேட்டா? பத்தாம் வகுப்பு, சாதிச் சான்று, தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் என்று நான்கையும் எப்போதோ ஸ்கேன் பண்ணி வைத்திருந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு ஹையர் சர்டிபிகேட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். முதல் வகுப்பில் தேறியது. மென்பொருள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது கேட்ட சர்டிபிகேட் கம்ப்யூட்டரே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துக்கொள்வது. இல்லை என்று எழுதும்போது பேனா கொஞ்சம் அழுந்தியது.

ஆறு, ஓஆத் டூ.

"அண்ணே, ஆறாவது ஒண்ணு இருக்கே, அதை அமுக்க வேண்டியதுதான?" என்றாள் பியூலா.

"வரிசைப்படி வர்றேன் பாப்பா."

"வரிசை முடிஞ்சு பத்து நிமிசமாச்சு."

அவர் அதை அமுக்காததற்குக் காரணம் இருந்தது. விளக்கத்தைப் படித்ததும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, புரிந்ததுதான் வினை. இந்த வழியில் மென்பொருள் பாஸ்வேர்டைக் கையிலேயே வாங்காது. மெயில் கம்பெனியின் சொந்த ஜன்னல் திறக்கும். அங்கே ஒரே ஒரு தடவை ஆளை நிரூபித்தால், கம்பெனி மென்பொருளுக்கு ஒரு பாஸ் கொடுக்கும். அப்புறம் பாஸைக் காட்டியே போய் வரலாம், போடிமெட்டு செக்போஸ்டில் சீட்டு வாங்கிய லாரி மாதிரி. சீட்டு கையில் இருக்கிற லாரியை எவன் ஓட்டினால் என்ன? பாஸ்வேர்டு தெரிந்த கிழவன் ஒருவன் நாற்காலியில் எதற்கு?

ஆனால் நாலு மணி என்று ஒன்று இருந்தது. பட்டியல் போகாவிட்டால் நாற்காலி இன்றைக்கே போகும். பட்டியல் போய்விட்டால், நாற்காலி கொஞ்சம் தாமதமாகப் போகலாம். திருப்பதி ஆறாவதை அமுக்கினார்.

ஜன்னல் திறந்தது. பியூலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார். சரி என்றது. முகம் மலர்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது. நாற்பத்தேழில் முடியும் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் சொல்லு.

"நாப்பத்தேழு யாரு நம்பரு?" என்றாள் பியூலா.

திருப்பதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டோர் நம்பரு பாப்பா."

ஏலக்காயைப் புகைபோட்டு உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். மண்டியின் தோட்டத்து ஸ்டோர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள் இருந்தது. அங்கே கிழக்கு ஜன்னலில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அதனால் பட்டன் போன் ஒன்றை வாங்கி அந்த ஜன்னல் கம்பியிலேயே நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மெயில் கணக்குத் திறந்தபோது போன் நம்பர் கேட்டதும், திருப்பதி தம்முடைய பள்ளிக்கூட முறைப்படி யோசித்தார். ஆள் மாறுவான், சிம் மாற்றுவான். கயிற்றால் கட்டிய போன் எங்கேயும் போகாது. நிரந்தர முகவரி என்றால் அதுதான். போட்டுவிட்டார்.

ஸ்டோருக்குப் பொறுப்பு வேலுத்தாய். பூர்வீகம் ராசிங்காபுரம்தான் என்றாலும், இருபது வருடம் மலையில் கிடந்ததில் பாதி மலையாளம் ஒட்டிக்கொண்டுவிட்டது. திருப்பதி ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"வேலுத்தாயி, நான் திருப்பதி பேசுறேன். இப்ப அந்தப் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். ஆறு இலக்கம். அதைச் சொல்லு வெரசா."

"வந்திருக்கு. சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நோட்டீஸ் ஒட்டியிருக்கு. படிக்கவா? அறிவிப்பு எண் பதினாலு. பொருள், தொலைபேசி மோசடி குறித்து. ஒண்ணு, ஸ்டோர் போனு ஸ்டோரை விட்டு வெளிய போகக்கூடாது. ரெண்டு, போனுக்கு வரும் எண்களை யார் கேட்டாலும் போன்ல சொல்லக்கூடாது. மண்டியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், ஏன், நானே பேசினாலும், குரலை நம்ப வேண்டாம். ஆபீஸ் ஆள் நேரில் வந்து, முகம் பார்த்த பின்பே சொல்லவும். இப்படிக்கு, மு. திருப்பதி."

போன வருடம் தேவாரத்தில் ஒரு டிராக்டர்காரரிடம் போனில் எண் கேட்டு மோசடி செய்த செய்தி வந்த மறுநாள், அவரே எழுதி, அவரே ஜீப்பில் கொடுத்தனுப்பிய நோட்டீஸ். 'நானே பேசினாலும்' என்ற இடத்தை எழுதி முடித்ததும் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

"அதை எழுதுனதே நான்தான் வேலுத்தாயி."

"அப்ப எழுதுனது நிசம்னு ஒத்துக்கிறீகளே. பின்னே எப்படிச் சொல்லச் சொல்றீக?"

"என் குரல் உனக்குத் தெரியாதா?"

"குரலைத்தான் இப்ப மெஷின்லயே செய்றானுகளாமே. ரேடியோவுல சொன்னாக."

"சரி, கேளு. எனக்கு மட்டும் தெரிஞ்ச எதையாச்சும் கேளு. என் சம்சாரம் பேரு பொன்னுமணி."

"அது போடிக்கே தெரியும்."

"நீ போன மாசம் எனக்கு லெட்டரு குடுத்தனுப்புன."

"என்ன எழுதியிருந்தேன்?"

திருப்பதி அதைப் படித்ததே இல்லை. அந்தக் காகிதத்தில் பொருள் என்ற வரி இல்லாததால், மேற்கொண்டு படிக்காமல், 'முறைப்படி எழுதி அனுப்பவும்' என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"தெரியலைல்ல? அப்ப நீங்க திருப்பதி இல்ல," என்று வேலுத்தாய் வைத்துவிட்டாள்.

பியூலா சிரிப்பை அடக்க டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். "அந்த மெயில் கம்பெனியிலயே இவ்வளவு கண்டிசன் இல்லண்ணே. அம்மா, நீங்க பேசிப் பாருங்களேன்."

முதலாளியம்மா பேசினார். அதிகாரமாகப் பேசினார், பிறகு அன்பாகப் பேசினார், கடைசியில் ஏசினார். வேலுத்தாய் மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "யாரு பேசுறீகன்னு தெரியல. நோட்டீஸைப் பாருங்க."

மணி பன்னிரண்டு. ஜெயபாக்கியம் திருப்பதியைப் பார்த்தார். "எழுதுன கையி நீதான. ஏறிப் போயி மூஞ்சியக் காட்டிட்டு வா."

திருப்பதி இந்த மலை ஏறி ஒன்பது வருடம் ஆகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவும் அவர் வயிற்றுக்கு ஆகாது. போதாததற்கு வேறு ஒரு சிக்கல். மலையில் நம்பர் வாங்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் இங்கே இருக்கிறது. பாஸ்வேர்டை இங்கே யார் அடிப்பது?

"எங்கிட்டச் சொல்லுங்கண்ணே. நான் அடிச்சுக்கிறேன்," என்றாள் பியூலா, வெகு சாதாரணமாக.

திருப்பதி அவளைப் பார்த்தார். அவள் முகத்துக்குப் பின்னால் சல்லடையும் பதினொரு பெண்களும் தெரிந்தார்கள். மூளை வேகமாக வேலை செய்தது. "அவசியமில்ல பாப்பா. நானே அடிச்சு, நம்பர் கேக்குற இடத்துல நிறுத்தி வச்சிட்டுப் போறேன். நான் மேல இருந்து போன் பண்ணதும் நீங்க 'மறுபடி அனுப்பு'ங்கிறதை மட்டும் அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

அடித்தார், நிறுத்தினார், கீபோர்டின் மேல் ஒரு துண்டையும் போட்டு மூடிவிட்டு, இரண்டு எலுமிச்சம்பழத்தோடு ஜீப்பில் ஏறினார்.

மலைச்சாமிக்கு ஏக சந்தோஷம். "ஆபீசு மேல வருதே. என்ன விசேசம்ணே?"

"பேசாம ஓட்டு."

"பேசாம ஓட்டுனா எனக்குத் தூக்கம் வரும். எதுக்குப் போறீக?"

"நான்தான் நானுன்னு சொல்ல."

மலைச்சாமி இரண்டு வளைவு வரைக்கும் யோசித்தான். "அதுக்கு ஆதார் கார்டு போதாதாண்ணே?"

நாலாவது வளைவில் முதல் எலுமிச்சம்பழம் தீர்ந்தது. ஆறாவதில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள், இந்த ஆளிடம் தின்ன ஒன்றும் தேறாது என்று கண்டுகொண்டு அடுத்த காருக்கு நகர்ந்தன. பன்னிரண்டாவதில் மறுபடியும் நின்றார்கள். அங்கே ஒன்றும் வெளியே வரவில்லை, வெறும் சத்தம்தான்.

"தேவாரம் ரோட்டுல என் மச்சான் டவுன்பஸ்சு ஓட்டுறான்," என்றான் மலைச்சாமி ஆறுதலாக. "அங்க வளைவே கிடையாது. நீங்க அந்தப் பக்கம் ஒரு மெயிலு ஆரம்பிச்சிருக்கலாம்."

ஸ்டோர் வாசலில் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். வேலுத்தாய் கதவை அடைத்துக்கொண்டு நின்று, முதலில் இடது பக்கத்திலிருந்தும் பிறகு வலது பக்கத்திலிருந்தும் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது, தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, முழங்கால் வரைக்கும் அட்டை கடிக்காமலிருக்கப் பூசிய சுண்ணாம்பு.

"ஆளு சரிதான். கொஞ்சம் வெளுத்திருக்கீக."

"வளைவு."

"உள்ள வாங்க. பாலு இல்ல, கட்டஞ்சாயாதான். குடிங்க மொதல்ல."

"மொதல்ல நம்பரு."

கிழக்கு ஜன்னலில் கயிற்றுப் போன் தொங்கியது. திருப்பதி தம்முடைய போனையும் அதன் பக்கத்திலேயே வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பியூலாவைக் கூப்பிட்டார். "பாப்பா, மறுபடி அனுப்புன்னு இருக்குல்ல, அமுக்குங்க."

"அப்படி ஒண்ணும் இல்லண்ணே. ரொம்ப நேரம் சும்மா இருந்ததால மூடிட்டேன்னு போட்டிருக்கு. மொதல்ல இருந்து கேக்குது. பாஸ்வேர்டு."

திருப்பதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே பச்சைச் சரிவு, ஏலச்செடிகள், அதற்கும் கீழே எங்கோ புள்ளியாகப் போடி. அங்கே அவர் நாற்காலி.

"அண்ணே, மூணு மணி ஆகுது. சொல்லுங்க."

இரண்டில் ஒன்றுதான். சொன்னால் ரகசியம் போகும். சொல்லாவிட்டால் குஜராத்தும் போகும், ரகசியத்துக்குப் பூட்டே இல்லாமல் போகும். சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வாயைத் திறந்தார். வரவில்லை. கூச்சமோ சுயநலமோ இல்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அந்தப் பாஸ்வேர்டை அவர் எழுத்தாக ஒருநாளும் அறிந்ததில்லை. தமிழ் டைப்ரைட்டிங் படித்த விரல்கள், தமிழ் ஹையர் பாடத்திலிருந்த ஒரு சொல்லைப் பழக்க தோஷத்தில் அந்த இங்கிலீஷ் கீபோர்டில் அடித்துப் பழகிவிட்டன. திரையில் விழுந்ததெல்லாம் கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு அடியில் என்ன இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது என்று பன்னிரண்டு வருடத்தில் அவர் பார்த்ததில்லை. விரலுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது.

"என்னண்ணே, மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அது கையில இருக்கு."

"கையிலன்னா, எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்ல பாப்பா. கையிலயே இருக்கு."

முதலாளியம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. "பச்சை குத்தியிருக்கானா?"

திருப்பதி பக்கத்தில் கிடந்த காய் அள்ளும் முறத்தை எடுத்து, கவிழ்த்து, மடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகில் இரண்டு கையையும் வைத்தார். விரல்கள் ஓடின. "பாப்பா, நான் விரலைச் சொல்றேன். நீங்க அடிங்க. எஃப், ஜே ரெண்டு பட்டன் மேலயும் சின்னதா மேடு இருக்கும், தடவிப் பாருங்க. அங்க ரெண்டு ஆள்காட்டி விரலும். மத்த விரலெல்லாம் வரிசையா. வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"இடது மோதிர விரல், மேல் வரிசை. வலது நடு விரல், நடு வரிசை. வலது சுண்டு விரல், நடு வரிசை."

"மெதுவாண்ணே."

வேலுத்தாய் சாயாவோடு நின்று, முறத்தை வாசிக்கிற மனிதரை வேடிக்கை பார்த்தாள். மலைச்சாமியும் வந்து நின்றான். பதினொரு விரல் முடிந்தது. தவறு என்று வந்தது. மறுபடி சொன்னார். மறுபடியும் தவறு.

"இன்னொரு தடவ தப்பாச்சுன்னா ஒரு நாளைக்குப் பூட்டிருவோம்னு போட்டிருக்கு," என்றாள் பியூலா. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "இருங்க. இப்படி வேணாம். நான் சர்ச்சுல கீபோர்டு வாசிப்பேன்ல. எங்களுக்குக் கட்டை விரல் ஒண்ணு, சுண்டு விரல் அஞ்சு. அந்தக் கணக்குல சொல்லுங்க. எந்தக் கை, எத்தனையாவது விரல், மேலயா நடுவா கீழயா."

திருப்பதி மனதுக்குள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "இடது நாலு, மேல. வலது மூணு, நடு. வலது அஞ்சு, நடு. இடது ரெண்டு, கீழ. அதுலயே ஷிப்ட்டு."

"ஷிப்ட்டா? அதை ரெண்டு தடவையும் நீங்க சொல்லவே இல்லையேண்ணே."

"அது தன்னால விழுந்துரும் எனக்கு. சொல்லத் தோணல."

பதினொன்றும் முடிந்தது. போனில் பட்டன் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பியூலா சொன்னாள். "உள்ள விட்டுருச்சு. நம்பர் கேக்குது."

கயிற்றுப் போன் ஜன்னல் கம்பியில் மோதி அதிர்ந்தது. வேலுத்தாய் சாயா டம்ளரைத் திருப்பதி கையில் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்து, பட்டனை அமுக்கி, திருப்பதியின் முகத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அதை ஒவ்வொன்றாகக் கீழே சொன்னார்.

பட்டியல் மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போனது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு, 'கிடைத்தது' என்று குஜராத்திலிருந்து ஒரு வரி வந்தது.

"அண்ணே, நல்ல டியூன் இது," என்றாள் பியூலா. அவள் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே கீபோர்டில் தட்டுவது கேட்டது. "நாலு மூணு அஞ்சு ரெண்டு. இனிமே மறக்காது எனக்கு. ஆனா மறந்தாலும் பரவாயில்ல. பாஸ் வந்திருச்சு, இனிமே பாஸ்வேர்டே கேக்காதாம்."

திருப்பதி சாயாவைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருடம் பொத்தி வைத்த ரகசியம், ஒரே சாயங்காலத்தில் ஊருக்கும் தெரிந்து, உபயோகமில்லாமலும் போய்விட்டது.

முதலாளியம்மா போனை வாங்கிக்கொண்டார். சம்பந்தப்பட்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்காக அவர் எதையும் மெல்லச் சொல்லி வழக்கமில்லை. "அப்ப மெயிலுல திருப்பதிக்கு இனி என்ன சோலி?"

"ஒண்ணும் இல்லம்மா. எப்பவாச்சும் கம்ப்யூட்டர் மாத்துனாலோ, பாஸ்வேர்டு மாத்துனாலோ, கணக்குல இருக்குற போன் நம்பரை மாத்துனாலோ மறுபடி அந்தப் போனுக்கு வர்ற நம்பரைத்தான் கேக்கும். அப்ப வேலுத்தாயக்கா எங்கிட்டச் சொன்னாப் போதும். இல்ல, அந்தப் போனையே மலைச்சாமிட்டக் குடுத்து விடச் சொல்லுங்க."

மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். திருப்பதி கீழே தெரிந்த புள்ளியைப் பார்த்தார். இவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது சல்லடைச் சத்தம் கேட்காது என்பது ஒரு நல்ல விஷயம்.

வேலுத்தாய் போனுக்குப் பக்கமாகக் குனிந்தாள். "யாரு பேசுறது?"

"நான் பியூலாக்கா. முதலாளியம்மா மக."

"நான் உங்களைப் பாத்ததில்லையே. எவ வேணாலும் அப்படிச் சொல்லலாம்."

"அம்மா இருக்காங்க பக்கத்துல."

"அது குரலு. போனைக் கீழ விட முடியாது, மொத வரியே அதான். நம்பரு முகம் பாத்துத்தான். இங்க எனக்கு முகம் தெரிஞ்சு, ஆபீசுல இருந்து இப்ப வந்தது இவரு ஒருத்தருதான். நீங்களும் ஏறி வாங்க, முகத்தைப் பாத்துக்கிறேன். அம்மாவும் வரட்டும்."

ஜெயபாக்கியத்தின் இரண்டு முழங்காலும் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுக்கொண்டிருந்தன. பியூலாவுக்குக் கோயமுத்தூர் பஸ்சிலேயே தலை சுற்றும்.

"நோட்டீஸைக் கிழிச்சுப் போடுன்னு நான் சொல்றேன்டி," என்றார் முதலாளியம்மா.

"அதையும் எழுத்துலதான் குடுக்கணும். இப்படிக்குன்னு இவரு கையெழுத்தோட. இல்லாட்டி இந்த வருசம் ஒருத்தி சொன்னா, அடுத்த வருசம் எவனோ சொல்லுவான்."

நீண்ட மூச்சு ஒன்று ஸ்பீக்கரில் வந்தது. பிறகு ஜெயபாக்கியம் யாரிடமும் இல்லாமல் சொன்னார். "இருந்து தொலையட்டும். எப்ப கேக்குமோ அது, தெரியல. அவனே ஏறிப் போகட்டும், அவனே கக்கட்டும்." போன் வைக்கப்பட்டது.

திருப்பதிக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. கடிதமாக இருந்தால் எழுதியிருப்பார். வாயால் சொல்லிப் பழக்கமில்லை. வேலுத்தாய் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். சிவப்பு மையில் 'முறைப்படி எழுதி அனுப்பவும்' என்று குறித்த காகிதங்கள், நாலு.

"உக்காருங்க. உங்க மேல பாசத்துல ஒண்ணும் பேசலை நான். அந்தப் பாப்பா நாற்காலிக்கு வந்தா இங்க எவளும் ஏறி வரப்போறதில்ல. நீங்கன்னா வந்துதான் ஆகணும். இப்ப எழுதுங்க. ஒம்பது பேருக்கு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அட்டை கடிச்சே காலு சல்லடையாயிருச்சு. மழைக்கு முன்னாடி வேணும்."

"அதைத்தான் எழுதியிருந்தியா?"

"நாலு தடவ."

திருப்பதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முறத்தை மறுபடி மடியில் கவிழ்த்து, அதன் மேல் காகிதத்தை வைத்து, அனுப்புநர் என்று இடது மூலையில் எழுதி, வேலுத்தாய், ஏலக்காய் ஸ்டோர் என்று போட்டார்.

வெளியே மலைச்சாமி ஹாரன் அடித்தான். "அண்ணே, பனி எறங்கிருச்சுன்னா பன்னெண்டாவது வளைவுல குரங்கு கூடத் தெரியாது. வெரசா."

"பெறுநர்னு யாரு பேரு வரும்?" என்றாள் வேலுத்தாய், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு.

"என் பேருதான்."

"அப்ப அதையும் நீங்களே படிச்சுருங்க. பொருள் எழுத மறந்துராதீக."

அவர் எழுதினார். பொருள், ரப்பர் பூட்ஸ் ஒன்பது ஜோடி வேண்டுதல் தொடர்பாக. அதற்குக் கீழே பார்வை என்று போட்டு, திருப்பி அனுப்பிய நாலு காகிதத்தின் தேதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, வரிசை எண் கொடுத்து எழுதத் தொடங்கினார்.